மனப்பதிவுக்கும் நிலைக்களன் உண்டு

தமிழியல் ஆய்வுலகில் நெடுங்காலமாக ஒரு தீர்ப்பு செல்லுபடியாகி வருகிறது: மனப்பதிவு ஆய்வாகாது. ஒரு நாவல் தம்மைக் கலங்கச் செய்தது என்றோ, ஒரு திரைப்படம் தம் ஊரைத் தவறாகக் காட்டுகிறது என்றோ ஆய்வு மாணவர் ஒருவர் ஆய்வேட்டில் எழுதினால், நெறியாளரின் சிவப்பு மை முதலில் அந்த வரியின் மேல்தான் விழுகிறது. அடித்த வரிக்கு ஈடாக அங்கே வந்து அமர்வது பெரும்பாலும் ஓர் இயல் தலைப்பு: சமுதாயச் சிக்கல்கள், பெண் பாத்திரப் படைப்பு, வட்டார வழக்கு, உத்திகள். இத்தலைப்புகளின் கீழ் எந்த நாவலையும் வைக்கலாம். நாவலின் பெயரையும் பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றிவிட்டால் அதே இயல் வேறோர் ஆய்வேட்டுக்கும் பொருந்தும். படித்தவர் யார், எங்கிருந்து படித்தார், படிக்கையில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பவற்றையெல்லாம் விலக்கிய பின் எஞ்சும் இந்தப் பொதுமைக்கே 'புறவயம்' என்ற பட்டம் சூட்டப்படுகிறது.

இத்தீர்ப்பு தவறானது, தமிழ் மரபுக்கும் புறம்பானது. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டுக்கெனத் தனி இயலே வகுத்தவர். எட்டு மெய்ப்பாடுகளை எண்ணியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று பிரித்துக் காட்டினார். நகை பிறந்தது என்று மட்டும் சொல்வது அவருக்குப் போதவில்லை. அது பிறரை எள்ளியதால் பிறந்ததா, பேதைமையால் பிறந்ததா என்பதும் சொல்லப்பட வேண்டும். அழுகை என்றால், இழந்ததால் வந்த அழுகையா, வறுமையால் வந்த அழுகையா என்று வேறுபடுத்த வேண்டும். உணர்வு அங்கே இலக்கணப் பொருள். உணர்வின் களனைச் சொல்வது இலக்கணக் கடமை. இன்றைய ஆய்வுக்கூடம் உணர்வை விலக்கி வைத்தது. சமூக ஊடகமோ உணர்வை வைத்துக்கொண்டு களனை விட்டுவிட்டது. 'மனத்தை உலுக்கியது', 'தவறவிடக் கூடாத படம்', 'இவ்வாண்டு படித்த பத்து நூல்கள்' என நாள்தோறும் பெருகும் குறிப்புகளுக்கும், களன் இல்லாத ஆய்வேடுகளுக்கும் குறை ஒன்றே. இரண்டிலும் படித்தவர் நின்ற இடம் தெரிவதில்லை.

நின்ற இடம் என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்குக் கரமனையைக் காட்டலாம். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியே நடந்து கிள்ளிப்பாலத்தைத் தாண்டினால் கரமனை. அகத்தியமலைப் பக்கத்தில் பிறந்து வரும் ஆற்றுக்கும் அதே பெயர். நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்துதான் போகிறது. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தெருக்கள் இங்கு உண்டு. வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் இன்னொரு மொழி என்பது இவ்வூர்த் தமிழருக்கு அன்றாடம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதுவரை நாஞ்சில் நாட்டாருக்குத் தலைநகராக இருந்த திருவனந்தபுரம் அன்றுமுதல் அண்டை மாநிலத்து ஊராயிற்று. தலைநகரிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் இடம்பெயரவில்லை, எல்லைதான் இடம்பெயர்ந்தது.

இந்த நகரம் நவீனத் தமிழிலக்கியத்துக்குத் தந்தவர்கள் சிலரல்லர். நகுலன் இங்கே ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். 1968இல் 'குருக்ஷேத்திரம்' தொகுப்பை இங்கிருந்தே கொண்டுவந்தார். 'புத்தம் வீடு' எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசனும் இங்கே ஆங்கிலம் கற்பித்தவர். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். கேரள மின் வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றிய நீல பத்மநாபன் 'தலைமுறைகள்' நாவலை 1968இலும் 'பள்ளிகொண்டபுர'த்தை 1970இலும் வெளியிட்டார். இவர்கள் அனைவருக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் பெரும்பாலும் ஒதுக்கித் தருவது ஒரே அறைதான்: வட்டார இலக்கியம். அந்த அறையில் 'பள்ளிகொண்டபுரம்' எப்படிப் படிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

நாவலின் நாயகர் அனந்தன் நாயர். நோயால் தளர்ந்த உடலோடும், தம்மை விட்டுச் சென்ற மனைவி கார்த்தியாயினியின் நினைவோடும் அவர் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய நகரத்தில் அலைகிறார். மிகக் குறுகிய கால அளவுக்குள் ஒரு வாழ்க்கை முழுவதும் திரும்பி வருகிறது. 'வட்டார வழக்கு' என்ற இயலை எழுதும் ஆய்வாளர் இந்நாவலிலிருந்து மலையாளச் சொற்களைப் பொறுக்கி எடுக்கிறார். அகர வரிசையில் அடுக்குகிறார். எதிரே பொதுத்தமிழ்ப் பொருள் தருகிறார். 'பிறமொழிக் கலப்பு' என்று பெயரிட்டு முடிக்கிறார். கரமனையில் அமர்ந்து அதே நாவலைப் படிக்கும் ஒருவருக்கு முதலில் தட்டுப்படுவது வேறு. அனந்தன் நாயர் மலையாளி. அவர் நினைப்பதும் நோவதும் மலையாளத்தில். நாவலோ தமிழில் நடக்கிறது. அப்படியானால் அந்தத் தமிழ் எத்தகையது? மூலம் எழுதப்படாத ஒரு மொழிபெயர்ப்பு அது. கலப்பு என்று பட்டியலிடப்படும் சொற்கள், அடியில் ஓடும் மொழி மேலே தெரியும் இடங்கள். அவற்றைத் தமிழில் புகுந்த அயற்சொற்களாக எண்ணுவது நாவலைத் தலைகீழாகப் படிப்பதாகும். இந்த உண்மையைக் கண்டடைய அகராதி உதவாது. இரண்டு மொழிகளும் ஒரே காதில் விழுந்து பழகிய வாசகரின் மனப்பதிவு உதவும்.

அதே வாசகர் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' படத்தையும் பார்த்தவராக இருந்தால் இன்னொரு வாசல் திறக்கும். 1981இல் எடுக்கப்பட்டு, மறு ஆண்டு பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சதர்லாந்து விருதைப் பெற்ற படம் அது. தறவாட்டின் கடைசி ஆண்மகனான உண்ணியாக நடித்தவர் கரமனை ஜனார்த்தனன் நாயர். தமிழ்நாட்டில் பலருக்குக் 'கரமனை' என்ற சொல்லே இந்த நடிகரின் பெயருக்கு முன்னால் வந்து அறிமுகமானதுதான். உண்ணி எதையும் செய்யாதவன். தங்கை ராஜம்மாவின் உழைப்பில் உண்டு, நாற்காலியில் கிடந்து, எலியைக் கண்டும் வெளியுலகைக் கண்டும் அஞ்சி, வீட்டுக்குள் மேலும் மேலும் ஒடுங்குகிறான். மூத்த சகோதரி சொத்தில் பங்கு கேட்டு வருகிறாள். இளையவள் ஒருநாள் போய்விடுகிறாள். ராஜம்மா நோயில் விழுகிறாள். தாங்கியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அகன்றதும் அந்த வீடு எலிப்பொறி என்பது வெளிப்படுகிறது.

அனந்தன் நாயரையும் உண்ணியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கேரளச் சமூக வரலாற்றின் ஒரு பகுதி தெளிவாகிறது. மருமக்கள்தாய முறையில் ஆணுக்கு வீடு என்பது தாயின் தறவாடு. 1925ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழி செய்தது. கூட்டுக் குடும்ப முறையை ஒழிக்கும் கேரளச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டு 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாவல் இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தது. படம் இரண்டாவது சட்டத்துக்குப் பின் வந்தது. தறவாட்டை இழந்த ஆண் கணவனாக, தந்தையாக, குடும்பத் தலைவனாகப் புதிதாக உருவாக வேண்டியிருந்தது. அனந்தன் நாயர் அந்தப் புதிய வேடத்தை ஏற்க முயன்று தோற்றவர். வீடு கைநழுவியதால் நகரத்தையே வீடாக்கி நடக்கிறார். உண்ணி அந்த வேடத்தை ஏற்கவே மறுத்தவன். நகரம் வேண்டாமென்று வீட்டையே கல்லறையாக்கிக்கொள்கிறான். ஒருவர் நடந்துகொண்டே இருக்கிறார், ஒருவன் அசையவே மறுக்கிறான். நோய் ஒன்றே.

இந்த ஒப்பீடு ஓர் ஆய்வேட்டின் தலைமைக் கருத்தாக நிற்கத் தகுதி உடையது. எனினும் அது தொடங்குவது மனப்பதிவில்தான். படத்தில் நாற்காலியில் கிடக்கும் உடலைப் பார்க்கையில், நாவலில் தெருத் தெருவாகத் தளர்ந்து நடந்த உடல் ஒருவருக்கு நினைவுக்கு வர வேண்டும். அந்த நினைவை அவர் நம்ப வேண்டும். பிறகுதான் சட்டம், ஆண்டு, தறவாட்டு வரலாறு ஆகிய சான்றுகள் தேடப்படும். 'இப்படித் தோன்றுகிறது என்றெல்லாம் எழுதக் கூடாது' என்று முதல் அடியிலேயே தடுத்துவிட்டால் பின்வரும் சான்றுகளைத் தேடப் போவார் யாரும் இரார்.

அண்மைக்காலப் படம் ஒன்றும் இதே பாடத்தைத் தருகிறது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதல் காட்டப்பட்டு, 2023 ஜனவரியில் அரங்குகளுக்கு வந்தது. வேளாங்கண்ணியிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பும் மலையாள நாடகக் குழுவின் தலைவர் ஜேம்ஸ், நண்பகல் உறக்கத்திலிருந்து விழித்துத் தமிழ்க் கிராமம் ஒன்றுக்குள் நடந்து செல்கிறார். ஈராண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரமாக மாறி, தமிழ் பேசி, அவன் வீட்டுக்குள் நுழைகிறார். மம்மூட்டியின் நடிப்பும் தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவும் பரவலாகப் பாராட்டப்பட்டன. தமிழில் எழுதப்பட்ட குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்த வாசகம், மொழி எல்லையைக் கடந்த மனிதம் என்பது.

மதுரையிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ பார்ப்பவருக்கு அது சரியான மனப்பதிவாக இருக்கலாம். கரமனைத் தமிழருக்கு அது போதாது. ஜேம்ஸ் சுந்தரமாவதற்கு ஓர் உறக்கமும் ஓர் அற்புதமும் தேவைப்படுகின்றன. கரமனையில் அதே மாற்றம் காய்கறிக் கடையின் முன் நாளுக்குப் பலமுறை நிகழ்கிறது, யாரும் வியப்பதில்லை. அவரை உறுத்துவது படத்தின் முடிவு. இரண்டாம் உறக்கம் கலைந்ததும் சுந்தரம் மறைகிறான். ஜேம்ஸ் பேருந்தேறித் தம் மொழிக்கும் ஊருக்கும் திரும்பிவிடுகிறார். ஒருவருக்குள் ஒரு நேரத்தில் ஒரு மொழிதான் குடியிருக்க முடியும் என்பது படத்தின் விதி. அந்த விதிப்படி, இரண்டு மொழிகளையும் ஒருசேரச் சுமந்து, திரும்பிப் போகப் பேருந்தும் இல்லாதவர்களுக்குப் படத்தில் இடம் இல்லை. இது படத்தின் குறையா, அல்லது படம் வேண்டுமென்றே வைத்த துயரமா என்பது வாதத்துக்கு உரியது. அந்த வாதத்தைத் தொடங்கக்கூட 'மனிதம்' என்ற சொல் உதவவில்லை.

இன்னொன்றும் அவர் கவனிப்பார். படம் முழுவதும் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் பின்னணியில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. பலர் அதைப் பழமை ஏக்கம் என்று கடந்துபோயினர். பள்ளியில் மலையாளம் படித்து வளரும் தமிழ்ப் பிள்ளைக்குப் பாட்டும் திரை வசனமும்தான் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்து சேரும் தமிழ். சுந்தரத்தின் வீட்டைச் சூழ்ந்துள்ள அந்த ஒலி அலங்காரமாக அவர் காதில் விழாது. ஒரு மொழி ஒருவரிடம் வந்து சேரும் வழியாக விழும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மனப்பதிவு நடுநிலையற்றது; அதில் சாதியும் மதமும் ஊர்ப்பற்றும் ஒளிந்திருக்கும்; அதை ஆய்வுக்குள் விட்டால் தப்பெண்ணத்துக்குப் பட்டம் கொடுத்ததாகும் என்பார்கள். இம்மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த நகரத்தின் திரை வரலாறே அதற்குச் சான்று. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' 1930இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதை எடுத்த ஜே.சி. டேனியல் அகத்தீசுவரத்தில் பிறந்த நாடார் குடும்பத்தவர். நாயர்ப் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண். தலித் பெண்ணொருத்தி நாயர்ப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாதவர்கள் வன்முறையில் இறங்கினர். ரோசி நகரத்தை விட்டு வெளியேறி, தமிழ் வழங்கும் நாகர்கோவில் பக்கம் அடையாளம் மறைத்து வாழ்ந்தார். படச்சுருள் இன்று இல்லை. அந்தப் படத்தைப் பற்றி எஞ்சியவற்றுள் வலியது பார்வையாளரின் வெகுளிதான். திருவனந்தபுரத்தில் ஒரு படம் பெற்ற தொடக்ககால மனப்பதிவுகளில் ஒன்று அது.

இந்நிகழ்ச்சி மனப்பதிவை விலக்கச் சொல்லவில்லை. அதன் களனைக் கேட்கச் சொல்கிறது. 'மக்கள் படத்தை ஏற்கவில்லை' என்று மட்டும் எழுதும் வரலாறு புறவயமாகத் தோன்றும். அந்த ஒரு வரி சாதியை முழுமையாக மறைத்துவிடும். வெகுளி எங்கே பிறந்தது, யாருடைய வெகுளி, திரையில் எதைக் கண்டு பிறந்தது என்று களனைத் தோண்டும்போதுதான் ரோசி என்ற பெயர் வெளிவருகிறது. தப்பெண்ணம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் அதைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அது 'சமுதாயச் சிக்கல்கள்' என்ற இயலின் செயப்பாட்டு வினைகளுக்குள் ஒளிந்துகொண்டால் யார் விசாரிப்பது? தேர்ந்தெடுத்த நாவல், விட்டுவிட்ட நாவல், மேற்கோள் காட்டிய பக்கம், தாண்டிச் சென்ற பக்கம் என ஒவ்வொரு தேர்விலும் ஆய்வாளரின் மனப்பதிவு இருக்கத்தான் செய்கிறது. இருப்பதை இல்லையென்று எழுதுவது நேர்மைக் குறைவு.

தமிழ் விமர்சன வரலாற்றில் இச்சண்டை புதிதன்று. க.நா. சுப்ரமண்யம் தம் ரசனையை நம்பி நல்ல நூல்களைச் சுட்டிக்கொண்டே இருந்தார், 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டே ஒரு நூல் எழுதினார். காரணம் காட்டாத பட்டியல் விமர்சனமாகாது என்று கருதிய சி.சு. செல்லப்பா, 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் அலசல் முறையை வளர்த்தார். க. கைலாசபதி ரசனை முறையின் சமூகக் குருட்டுத்தன்மையைக் கடுமையாகச் சாடினார். இருவருடைய கண்டனத்திலும் நியாயம் உண்டு, க.நா.சு. பல வேளைகளில் களனைச் சொல்லாமலே தீர்ப்பை மட்டும் சொன்னார். ஆனால் 'தலைமுறைகள்' நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அதே க.நா.சு.தான். இரணியல் செட்டிமார் பேச்சில் எழுதப்பட்ட ஒரு நாவல் தம்மைத் தொட்டது என்ற மனப்பதிவு அவரை மாதக்கணக்கான உழைப்புக்கு இட்டுச் சென்றது. ஓர் இயலை நிரப்பியதும் நூலை மூடிவிடும் புறவயம் இத்தகைய உழைப்பைத் தூண்டியதாகத் தெரியவில்லை.

ஆ. மாதவனின் வாழ்க்கை இவ்வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. பள்ளியில் அவர் படித்தது மலையாள வழியில். தமிழை அவர் தாமே படித்துப் படித்து வசப்படுத்திக்கொண்டார். அவருக்கு வாசிப்புதான் தமிழ்ப் பள்ளிக்கூடம். படித்த நூல் மனத்தில் என்ன செய்தது என்பதே பாடம். 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப் பருந்து' போன்ற நாவல்களை எழுதிய அவருக்கு 2015இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரைத் தொகுப்புக்காக. பெரும் புனைகதையாளரைப் புனைகதைக்காகப் பாராட்டத் தவறிய காலத்தாழ்வு ஒருபுறம் இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே கடை நடத்திய ஒருவர் தாம் படித்தவை பற்றி எழுதிய பக்கங்களை நாட்டின் இலக்கியப் பேரவை மதித்தது. அதே வகைப் பக்கத்தை ஒரு மாணவர் எழுதினால் ஆய்வுக்கூடம் அடித்துவிடுகிறது.

வேண்டுவது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆய்வேட்டின் முன்னுரையில் 'ஆய்வின் நோக்கம்', 'ஆய்வின் எல்லை' என்ற வழக்கமான துணைத்தலைப்புகளோடு 'வாசிப்பின் களன்' என ஒன்று சேர்ந்தால் போதும். நூலை எந்த ஊரில், எந்த மொழிச் சூழலில், எவற்றைப் படித்த பின் படித்தார் என்று மாணவர் அங்கே சொல்லட்டும். தோன்றிய உணர்வு நூலின் எந்தப் பக்கத்தில், படத்தின் எந்தக் காட்சியில் பிறந்தது என்று குறிக்கட்டும். எந்தச் சான்று கிடைத்தால் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார் என்றும் எழுதட்டும். சமூக ஊடகத்தில் படம் பற்றியும் நூல் பற்றியும் எழுதுவோருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 'உலுக்கியது' என்ற சொல்லுக்குப் பின் எங்கே, எதனால் என்று இரண்டு வரி வந்தால் அது வருங்கால ஆய்வாளருக்கு ஆவணமாகும். வராவிட்டால் மறுநாளே மறக்கப்படும்.

காலம் அதிகம் இல்லை. நகுலன் 2007இலும் மாதவன் 2021 ஜனவரியிலும் மறைந்தனர். அவர்களுடைய நூல்களுக்கு மறுபதிப்பு வரும், ஆய்வேடுகளும் வரும். அந்நூல்கள் வெளிவந்தபோது சாலைத் தெருவையும் கிள்ளிப்பாலத்தையும் கரமனையாற்றையும் காலால் அறிந்தவர்களாக அவற்றைப் படித்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. தம் ஊரைத் தம் மொழியில், ஆனால் இன்னொரு மொழியின் நடுவே படித்தபோது அவர்களுக்கு என்ன தோன்றியது என்பதை எந்த ஆய்வேடும் கேட்டுப் பதியவில்லையென்றால், பிறகு கேட்பதற்கு ஆள் இருக்காது. 'பள்ளிகொண்டபுர'த்தின் மலையாளச் சொற்களை அடுத்த நூற்றாண்டிலும் அகராதி வைத்து எண்ணிவிடலாம். அனந்தன் நாயர் எந்த மொழியில் அழுதார் என்பதைச் சொல்லக்கூடிய வாசகர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒரு மாணவர் எழுதிக் கொண்டுவந்தால், நெறியாளர்கள் அந்த வரியை அடிக்காமல் விட வேண்டும்.